தொட வேண்டாத இன்ஜின்

ஆற்றைக் கடக்கும் படகில் அவருக்கு வைத்தியர் என்று பெயர். படிப்பால் வந்த பெயரல்ல, விரலால் வந்தது. ஆட்களையும் சைக்கிள்களையும் மூட்டைகளையும் கரைக்குக் கரை ஏற்றிப்போகும் அந்தப் படகின் அடித்தட்டில் ஒரு பழைய டீசல் இன்ஜின் இருந்தது. அதன் பம்பிலிருந்து ஆறு மெல்லிய இரும்புக் குழாய்கள் கிளம்பி, சிலிண்டருக்கு ஒன்றாகப் போய்ச் சேரும். டீசல் பாயும் ஒவ்வொரு தடவையும் குழாய் ஒரு தடவை துடிக்கும். இன்ஜின் ஓட்டத்தில் ஏதோ பிசகு என்று தோன்றினால், அவர் கண்ணை மூடிக்கொண்டு வலதுகை ஆள்காட்டி விரலை ஒவ்வொரு குழாயாக வைத்துக்கொண்டு வருவார். மேலே சுக்கானைப் பிடிக்கும் மைத்துனர் குனிந்து பார்த்து, "நாடி பார்த்தது போதும் அத்தான், சீக்கிரம் மருந்தை எழுதுங்க" என்பார். படகில் ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

விரலுக்குப் பிடிபடவில்லையென்றால் ஸ்பேனரை எடுப்பார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துவார். டீசல் கசிந்து வழியும், அந்தச் சிலிண்டருக்குச் சாப்பாடு போகாது. இன்ஜின் தள்ளாடினால், அந்தச் சிலிண்டர் இதுவரை ஒழுங்காக உழைத்திருக்கிறது என்று பொருள். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். தளர்த்தியும் இன்ஜின் அசையாமல் ஓடினால், சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் அதுதான். ஓடாத இன்ஜினிடம் இதையெல்லாம் கேட்க முடியாது. எத்தனையோ வருடம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததில் அவர் காதில் பாதி போய்விட்டது. மீதி வேலையைக் கைதான் செய்தது. கையில் வழிந்த டீசலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டால் அந்த வைத்தியம் முடிந்தது.

பழைய இன்ஜின் ஒருநாளும் கைவிட்டதில்லை என்று அவர் யாரிடமும் சொல்வார். உண்மையில் அது பலமுறை கைவிட்டது. நடு ஆற்றில் நின்றிருக்கிறது. டாங்கில் விரிசல் விழுந்து, அதில் சோப்பைத் தேய்த்து அடைத்துக் கரை சேர்ந்திருக்கிறார்கள். கிழிந்த ரப்பர் குழாயைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருக்கிறார்கள். ஒருமுறை படகு நிறையப் பள்ளிக்கூட ஆசிரியர்களோடு ஆற்றின் இழுப்பில் போய் மணல்திட்டில் தட்டி நின்றது. பயந்த பிள்ளைகளை அடக்கிப் பழகியவர்கள் அன்று தாங்களே கத்தினார்கள். இதையெல்லாம் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏனென்றால் அது நின்ற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் அவர் இருந்தார், எப்படியாவது ஓடவைத்தார். கிளம்பின கரைக்கே பாதி வழியில் திரும்பிய படகு என்ற பேச்சு தன் காலத்தில் வரவில்லை என்பது அவருக்குப் பெருமை. அந்த இன்ஜினின் விசுவாசம் என்று அவர் சொன்னதில் பாதிக்கு மேல் அவருடைய விசுவாசம். நம்மை நம்பியிருப்பதை, நாம் நம்பத்தக்கது என்று எண்ணிக்கொள்வது மனிதர்களுக்கு எளிது. இன்ஜின் விஷயத்தில் மட்டும் நடக்கிற பிழையுமல்ல.

படகு மைத்துனருடையது. அவர் ஒருநாள் பழைய இன்ஜினைத் தூக்கி ஐஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் புதியதை இறக்கினார். புகை அதிகம், பயணிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள், அக்கரையிலிருந்து இன்னொரு படகு போட்டிக்கு வரப்போகிறது என்று காரணங்கள் சொன்னார். எல்லாம் நியாயமான காரணங்கள். வைத்தியர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது நடு ஆத்துல நின்னா நான் எதைத் தொடுறது?"

"தொட வேண்டியதே இல்ல அத்தான். அதுக்குத்தானே வாங்கினது."

புதிய இன்ஜினைப் பொருத்த வந்த கம்பெனிக்காரர் மென்மையாகப் பேசுகிறவர், எதையும் இரண்டு தடவை சொல்வார். இந்த இன்ஜினில் டீசல் விட்டுவிட்டுப் பாய்வதில்லை. எல்லாக் குழாய்களுக்கும் பொதுவாக ஒரு தடித்த குழாய் இருக்கிறது, அதற்குள் டீசல் எப்போதும் பயங்கர அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது என்று விளக்கினார். ஓடும்போது இந்த நட்டுகளில் கை வைக்கவே கூடாது என்றார். ஒவ்வொரு நட்டின் மீதும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள், கையைக் குறுக்கே அடித்த படமும் ஒட்டியிருந்தது. வைத்தியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கம்பெனிக்காரர் போனபிறகு மனைவியிடம், "வேற யாரும் கை வச்சா அவங்க பிழைப்பு என்னாகுறது? பயமுறுத்தித்தான் வைப்பாங்க" என்றார். கம்பெனிகளைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் பொய்யில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனிக்காரர் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

புது இன்ஜின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் எழும்பும், சாயங்காலம் திருப்பினால் அடங்கும். சுற்றிலும் அட்டைபோல மூடி போட்டிருந்ததால் சூடுகூட வெளியே வராது. அவர் குழாய்களின் மீது விரலை வைத்துப் பார்த்தார். துடிப்பு என்று ஒன்று தெரியவில்லை. கல்லைத் தொட்டதுபோல ஒரே இறுக்கம். துணியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தும் அது ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

"வைத்தியரே, நோயாளி கல்லுமாதிரி இருக்கான் போலிருக்கே" என்றார் மைத்துனர் ஒருநாள். பிறகு, விளையாட்டாகச் சொன்னாரா வினையாகச் சொன்னாரா என்று தெரியாத குரலில் சேர்த்துக்கொண்டார்: "கீழ ஒரு ஆள் எதுக்குன்னு ஊர்ல கேக்குறாங்க. நான்தான் பதில் சொல்ல முடியாம முழிக்கிறேன்."

மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைப்பவர். பெரிய துணியை வெட்டும்போது எதிர்ப்பக்கத்து ஓரத்தைப் பிடித்துக்கொடுப்பது வைத்தியர் வேலை. அன்று துணியைப் பிடித்தபடி கேட்டார்: "உன் தம்பி என்னைக் கரையில உக்காரவச்சா நீ என்ன சொல்லுவ?" மனைவி கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல், தம்பியாவது தமையனாவது, அப்படிச் செய்தால் அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. கீழ்த்தட்டில் தனக்கு இடம் இருக்கவேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது, யாரோ சண்டைபோட்டுப் பிடித்துக்கொடுத்த இடம் அல்ல. அதற்கு ஒரே வழி, அந்த இன்ஜின் ஒரு நாளாவது கெட்டுப்போக வேண்டும். தான் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்காக அவர் காத்திருந்தார். ஒரு பொருளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டே அது கெட்டுப்போவதற்காகவும் காத்திருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை அவரே கரையில் போய் உட்கார்ந்திருப்பார்.

ஒரு மத்தியானம் நடு ஆற்றில் அது நடந்தது. மேலே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் குலுங்கியது, பிறகு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தது. ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் மிஸ்ஸிங் அடிக்கிறது என்பது அவர் உள்ளங்காலுக்கே தெரிந்தது. படகிலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்க முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

ஆனால் அது நிற்கவில்லை. நொண்டிக்கொண்டே, யாரும் தொடாமல், படகைத் துறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பயணிகள் இறங்கிப்போனார்கள். மைத்துனர் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு வந்து, நாளைக் காலையில் வருகிறார்களாம், அதுவரை படகு ஓடாது என்றார். இன்ஜினை அணைக்கவேண்டாம், ஒரு பார்வை பார்க்கிறேன் என்று வைத்தியர் சொன்னதற்கு, "பாருங்க, கையை மட்டும் வைக்காதீங்க. அப்புறம் கம்பெனிக்காரன் பொறுப்பில்லன்னு சொல்லிடுவான்" என்றுவிட்டு டீ குடிக்கப் போனார்.

நாளைக் காலை என்பது வைத்தியருக்குப் பொறுக்கவில்லை. காலையில் கம்பெனிக்காரரின் லேப்டாப் வந்து கோளாறு எது என்று சொல்லிவிடும். அதற்குள் எந்தச் சிலிண்டர் என்று மட்டுமாவது சொல்லிவிட்டால் போதும். ஐந்தாவதோ நான்காவதோ, ஒரு எண். மைத்துனர் டீக்கடையிலிருந்து வரும்போது அந்த எண்ணை அலட்சியமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஸ்பேனரை மஞ்சள் கோடு போட்ட நட்டில் மாட்டினார். முதல் நட்டு அசைந்தது, அவ்வளவுதான். வழிந்து கையை நனைக்கும் என்று அவர் எதிர்பார்த்த டீசல் வழியவில்லை. ஆள்காட்டி விரலில் குளவி கொட்டியதுபோல ஒன்று சுரீர் என்றது. அதே நொடியில் அழுத்தம் விழுந்து இன்ஜின் தானாக அணைந்தது. கீழ்த்தட்டில் திடீரென்று ஆற்றுச் சத்தம் கேட்டது.

துணியைப் பிரித்துப் பார்த்தார். விரலின் நுனிக்குக் கீழே ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. ரத்தம்கூட ஒழுங்காக வரவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தார். நட்டைப் பழையபடி இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிவந்தார். என்ன தெரிந்தது என்று மைத்துனர் கேட்டதற்கு, "பார்த்தேன், தொடல" என்றார்.

அந்தப் புள்ளி வழியாக உள்ளே போன டீசல் தோலுக்கடியில் நரம்போடு நரம்பாகப் பரவிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே யாராவது கத்தி வைத்துத் திறந்து கழுவியிருந்தால் விரல் பிழைத்திருக்கும். வலி அதிகம் இல்லாததுதான் பெரிய கெடுதல். விரல் மரத்துப்போயிருந்தது, கொஞ்சம் வெளுத்திருந்தது. வலிக்காததை ஒரு காயம் என்று அவர் எண்ணவில்லை.

மனைவிதான் பார்த்தார். துணியின் ஓரத்தை இடது கையால் பிடித்திருந்ததைக் கவனித்து, வலது கைக்கு என்ன என்று கேட்டார்.

"உன் ஊசிதான். கீழ கிடந்து குத்திடுச்சு."

மனைவி கத்தரியை வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். எத்தனை வருடம் தைத்தாலும் தரையில் ஊசி விடுகிற கையல்ல அது. பஞ்சு வைத்த டப்பாவைத் திறந்து பார்த்தார். ஊசிகள் எல்லாம் குத்திவைத்த இடத்திலேயே இருந்தன. அதைச் சொல்லவில்லை. வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார், அவரும் வைத்தார். அதுவும் தப்பு என்று பிறகு டாக்டர் சொன்னார். இருவரும் தெரிந்தவரை நல்லதே செய்தார்கள்.

காலையில் கை மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது. விரல் சாம்பல் நிறத்தில், உள்ளேயிருந்து யாரோ அறைவதுபோல விண்விண்ணென்று தெறித்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, மனைவி போட்டுவிட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "ஊசி குத்தினா இப்படி வீங்காது. எனக்குத் தெரியாத ஊசியா. டாக்டர்கிட்ட போவோம், வாங்க."

இன்ஜின் சரியாகி முதல் நடை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி, கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு துறைக்குப் போனார்.

கம்பெனிக்காரர் வந்து லேப்டாப்பைச் சொருகினார். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் ஒன்று கெட்டிருக்கிறது என்று திரையைப் பார்த்தே சொல்லிவிட்டார். வைத்தியர் நேற்று தேடிய எண் அப்படி வந்தது, அவர் தளர்த்திய முதலாவது அல்ல அது. புதியதை மாட்டிக்கொண்டிருக்கும்போது கம்பெனிக்காரர் கை சட்டென்று நின்றது. முதல் நட்டின் மஞ்சள் கோடு நேராக இல்லை. நட்டில் ஒரு பாதியும் குழாயில் ஒரு பாதியுமாகப் பிரிந்து நின்றது.

"இதை யாரு திறந்தது?"

மைத்துனர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் ஆற்றைப் பார்த்தார்.

கம்பெனிக்காரருக்குக் கோபம் வரவில்லை, முகம் வெளுத்துவிட்டது. "யாரு திறந்தாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். கையில பட்டுதா, அதை மட்டும் சொல்லுங்க. சின்னதா குத்தினமாதிரி இருந்தாக்கூடச் சொல்லுங்க. எங்க பட்டறையில ஒருத்தர் ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டார். அப்புறம் கையையே எடுக்க வேண்டியதாப்போச்சு."

ஆமாம் என்று சொல்ல வைத்தியருக்கு வாய் வந்தது. மைத்துனரின் கண்ணைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. ஆமாம் என்றால், தொடாதே என்று சொன்னதைத் தொட்டவர், தொட்டும் கண்டுபிடிக்காதவர், பொய்யும் சொன்னவர். கீழ ஒரு ஆள் எதுக்கு என்று ஊர் கேட்ட கேள்விக்குத் தானே பதில் எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். "படல" என்றார். ஒரு மனிதன் ஒரு விரலுக்கும் ஒரு இடத்துக்கும் நடுவில் நின்று இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று சொன்னால் அது வீரம்போல ஒலிக்கும். வீரம் எதுவும் அங்கே இல்லை. வெட்கம் மட்டும்தான் இருந்தது.

இன்ஜின் எழுந்தது. காலைப் பயணிகள் ஏறினார்கள், கம்பெனிக்காரரும் ஓட்டத்தைப் பார்ப்பதற்காகக் கூடவே வந்தார். வைத்தியர் கீழே இறங்கி வழக்கமான பலகையில் உட்கார்ந்தார். இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பைக்குள் கை துடித்தது. அவர் விரல் வைத்த எந்தக் குழாயும் அப்படித் துடித்ததில்லை. பாதி ஆறு வந்தபோது கையை வெளியே எடுத்துப் பார்த்தார். அது தன் கைபோல இல்லை. கம்பெனிக்காரர் சொன்ன ஆள் எந்தக் கையை இழந்தார் என்று கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகுதான் பயம் வந்தது.

ஏணியில் ஏறி, சுக்கானுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வீங்கிய கையை மைத்துனருக்குக் காட்டினார்.

"மாப்ள, படகைத் திருப்பு."

மைத்துனர் கையைப் பார்த்தார். பயணிகளில் ஒருவர், ஆபீசுக்கு நேரமாகிறது, எதற்குத் திருப்புகிறீர்கள் என்று சத்தம் போட்டார். மைத்துனர் சுக்கானைச் சுழற்றி, வேகத்தை முழுவதும் தள்ளினார். பழைய இன்ஜினுக்கு அப்படித் தள்ளியிருந்தால் புகை கக்கிக்கொண்டு முனகியிருக்கும். இது ஒரு முனகலும் இல்லாமல் படகைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கம்பெனிக்காரர் போனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நேத்தே கைக்கு என்னன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா அத்தான்?" என்று மைத்துனர் ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார். வைத்தியர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவர் காலத்தில் முதல்முதலாகப் படகு கிளம்பின கரைக்கே திரும்பியது.

துறையில் மனைவி நின்றிருந்தார். ஊசி டப்பாவைப் பார்த்த பெண்ணுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

டாக்டர் கையைத் திறந்தார். நேற்றே வந்திருக்க வேண்டும் என்பதை அவர் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, சொல்லவேண்டியதைச் சொன்னார். ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. மீதிக் கைக்கு உணர்ச்சி வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார்கள். வரவில்லை.

மைத்துனர் அவரை விரட்டவில்லை. அப்படி ஒரு எண்ணம் தனக்கு இருந்ததே இல்லை, சும்மா கிண்டலுக்குச் சொன்னது என்று ஆஸ்பத்திரியில் அக்காளிடம் அழுதார். அது உண்மையாகவும் இருக்கலாம். துறையில் ஒரு கூண்டு போட்டு வைத்தியரை உட்காரவைத்தார். இடது கையால் சீட்டைக் கிழித்துக்கொடுக்கிறார். கீழ்த்தட்டுக்கு வேறு யாரையும் போடவில்லை. தேவைப்படவில்லை. எதிரே படகு வருவதும் போவதும் கூண்டிலிருந்து தெரியும். வைத்தியர் என்று இன்னும் சிலர் கூப்பிடுகிறார்கள், சிரிப்பதில்லை.

ஒருநாள் ஐஸ் கம்பெனிக்காரர் கூண்டுக்கு வந்தார். வாங்கிக்கொண்டுபோன பழைய இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, ஐஸ் உருகிப்போகிறது, ஒரு தடவை வந்து தொட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். வைத்தியர் போனார். அந்தப் புகை, அந்தச் சத்தம், அதே ஆறு குழாய்கள். வலது கையை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. இடது கையை வைத்தார். குழாய்கள் துடித்தன, எல்லாம் ஒன்றுபோலத் துடித்தன. எது உழைக்கிறது எது ஏய்க்கிறது என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெஞ்சில் ஸ்பேனர் கிடந்தது. அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"எந்தச் சிலிண்டர்னு தெரியுதா?" என்று ஐஸ் கம்பெனிக்காரர் காதோரம் கத்தினார்.

வைத்தியர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"இதை வித்துடுங்க" என்றார். "தொட வேண்டாததா ஒண்ணு வாங்கிக்கிடுங்க."